கம்பத்து உச்சியில் ஒற்றைக் கால் ஷூ

பாய்,

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் கையில் வாசனை போகவில்லை. மெழுகு கொஞ்சம், பாலிஷ் கொஞ்சம், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக மீன் எண்ணெய். நீ தைத்த ஷூவின் வாசனை. காலையில் இட்லித் தட்டை என் முன்னால் வைத்த என் மனைவி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "கையக் கழுவிட்டு உக்காருங்க" என்றாள். கழுவிவிட்டேன் என்றேன். "அப்ப மேல்விஷாரம் பாய் வந்துட்டுப் போனாரா?" என்று பழைய பழக்கத்தில் கேலியாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் உறைத்தது போல. சட்னி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இருக்கும்போதே நாம் எழுதிக்கொண்டதில்லையே. செல்போன் கையில் இருக்கும்போதே, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மாடியில் கம்பம் நட்டு, ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும் இடையே ஹாம் ரேடியோவில்தான் பேசுவோம் என்று அடம்பிடித்த இரண்டு கிறுக்கர்கள் நாம். ஆனால் இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் சொல்லலாம் என்றால் நீ இருக்கும் இடத்துக்கு எந்த அலைவரிசை என்று தெரியவில்லை.

நாம் எப்படிச் சேர்ந்தோம் என்பது உனக்கு நினைவிருக்கும். வேலூர் லாங் பஜாரில் ஒரு எலக்ட்ரிக் கடை. ஆன்டெனாக் கேபிளின் கனெக்டரில் சுற்றுவதற்கு ரப்பர் டேப் வாங்க வந்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து கனெக்டரை எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று "ஓரம், ஓரம்" என்றது. ஒதுங்கினேன். வண்டிக்கு வழிவிட்டு நீயும் ஒதுங்கி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

"ஹாமா நீங்க?"

"ஆமா. நீங்களும்…?"

"மேல்விஷாரம். டேனரியில ஃபினிஷிங் பாக்கறேன். இன்னா, இதுக்குப் போயி டேப்பா வாங்கறீங்க? தோல் இருக்கும்போது?"

"தோலா?"

"மாட்ட அத்தினி வருஷம் மழையில காப்பாத்துனது எது? தோல்தானே? விரல் நீளம் இருக்கற கனெக்டர காப்பாத்தாதா?"

"மாடு உயிரோட இருந்துச்சு பாய்," என்றேன்.

கடைக்காரர் சிரித்தார், கைவண்டிக்காரர் சிரித்தார், நீ எல்லாரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தாய். பக்கத்துக் கடையில் டீ வாங்கி, அந்த டீ ஆறுவதற்குள் நாம் 'நீங்க'வை விட்டுவிட்டோம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இடிமின்னலைவிடப் பெரிய எதிரி ஒரு சொட்டுத் தண்ணீர். மாடிக் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவும் கேபிளும் சேரும் கனெக்டருக்குள் அந்தச் சொட்டு புகுந்தால் போதும். செம்பு பச்சை பிடிக்கும். பிறகு அந்த ஈரம் கேபிளின் கறுப்புச் சட்டைக்குள்ளேயே, விளக்குத் திரி எண்ணெய் குடிப்பது போல, அடிக்கணக்கில் பரவும். செட்டிலிருந்து அனுப்பும் சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும். எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. அதை என் மனைவிக்கு நீதான் விளக்கினாய்: "பொண்ணு வீட்டுக்கு அனுப்புன சீரு அப்படியே திரும்பி வந்தா இன்னா அர்த்தம் அண்ணி? வழியில எங்கியோ பேஜாருன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீட்டர் முள் ஏறினால் 'சீர் திரும்புது' என்றுதான் பேச்சு.

எனக்கு நீ வைத்த பெயர் க்யூசி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வேலை அதுதானே, குறை கண்டுபிடிப்பது. கையில் எப்போதும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று இருக்கும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஒரு அம்பு. பசை ஒரு பொட்டு வெளியே தெரிந்தாலும் ஒரு அம்பு. அம்பின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே குறை. லைனில் இருப்பவர்கள் அதைப் பார்த்ததும் பேசாமல் எடுத்துப்போய்ச் சரி செய்துவிட்டு வருவார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

தோலா டேப்பா என்ற நம் பந்தயத்துக்கு விதி வகுத்தவன் நீ. காட்பாடிப் பெரியவர் ஒருவர் நடத்தும் ஞாயிறு காலை ஏழரை மணி நெட்டில்தான், அதாவது ரேடியோக் கூட்டத்தில்தான், நம் வட்டாரத்து ஹாம் எல்லாரும் ஒன்றுகூடுவோம். "எவன் ஜாயின்ட்டுல தண்ணி பூந்துச்சோ, அவன் நெட்டுல எல்லாரும் கேக்க, 'நான் பண்ணது தப்பு, நீ சொன்னதுதான் சரி'ன்னு மூணு வாட்டி சொல்லணும்" என்றாய்.

"மூணு வாட்டி எதுக்கு?"

"மொத வாட்டி சொன்னா இரைச்சல்ல கேக்காது. ரெண்டாவது வாட்டி வேற ஸ்டேஷன் குறுக்க பூந்துடும். மூணாவது வாட்டிதான் மனசுலேர்ந்து வரும்."

விதி வகுத்த நீயே முதலில் மாட்டினாய். ஆட்டுத்தோலில் ஒரு உறை தைத்து, தோல் தண்ணீர் குடிக்காமல் இருக்க டேனரியில் தோலை மிருதுவாக்கப் போடும் மீன் எண்ணெயில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கம்பத்தில் கட்டினாய். மழை வருவதற்கு முன்னால் பூனைகள் வந்தன. தெருவிலிருக்கும் பூனையெல்லாம் உன் மாடியில் வட்டம் கட்டி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததாக நீயே சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரர் மேலே கருவாடு காயப்போட்டிருக்கிறாயா என்று கேட்டாராம். பூனைக்கு எட்டாதது காக்கைக்கு எட்டியது. நெட்டில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, "இன்னிக்கு நம்ம பக்கம் வானம் கிளீனா…" என்பதோடு உன் குரல் தேய்ந்து போயிற்று. உறை கிழிந்து, அன்று காலைத் தூறல் நேராக உள்ளே இறங்கிவிட்டது.

அடுத்த வாரம் நீ தோல்வியை ஒப்புக்கொண்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. முதல் தடவை ராஜ தோரணையில் சொன்னாய். இரண்டாவது தடவை இருமலுக்கு நடுவில் சொன்னாய். பிறகு, "அப்புறம் காட்பாடியில மழை எப்படி?" என்று பேச்சை மாற்றினாய். அப்போது உன் மைக் வழியாக, சமையலறையிலிருந்து, நான் பாபி என்று கூப்பிடும் உன் மனைவியின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது: "ரெண்டுதான் ஆச்சு!" நீ முனகிக்கொண்டே மூன்றாவது தடவை சொன்னாய். "ம், ஆச்சு" என்றார் பாபி. தொடர்ந்து கரண்டி சத்தம். அன்றிலிருந்து நம் பந்தயத்துக்கு நடுவர் அவர்தான்.

அவருக்கு வேலை நிறையவே கொடுத்தாய். இரண்டாவது வருஷம் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷனை எடுத்துக் கனெக்டருக்குள் ஊற்றினாய். கல் மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் போகவில்லைதான், அதற்குப் பிறகு ஸ்பேனரும் போகவில்லை. உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக்கைச் சொல்யூஷன் அரித்துத் தின்றுவிட்டது. தண்ணீரே புகவில்லையே, இது தோல்வியில் சேராது என்று வாதாடினாய். பாபி தள்ளுபடி செய்தார். அதற்கடுத்து மெழுகு. வேலூர் ஜில்லா வெயிலில் மெழுகு பூசுகிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்னி நட்சத்திரத்தில் அது உருகிக் கம்பம் வழியாக இறங்கி, பாபி காயப்போட்டிருந்த வத்தல் மேல் சொட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆறு தடவை சொல்லவைத்தார். மூன்று எனக்கு, மூன்று வத்தலுக்கு.

நான் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. புத்தகத்தில் சொன்னபடி ரப்பர் டேப்பைப் பாதி அகலத்துக்கு இழுத்து, பாதி மேல் பாதி ஏற்றிச் சுற்றுவேன், அதற்கு மேல் கறுப்பு டேப். ஆனால் ஒரு உண்மையை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன் பாய். அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் என் ஜாயின்ட் இருந்த இடம் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் அடியில். மழை அதைத் தொட்டதே இல்லை. டேப் இல்லாமல் விட்டிருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன். நெட்டில் ஒவ்வொரு தடவை நீ தோல்வியை ஒப்புக்கொண்டபோதும் இது என் நாக்கு நுனி வரை வந்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

சொந்த வீடு கட்டி, வெட்டவெளி மாடியில் புதுக் கம்பம் நட்டபோது நீயே சொன்னாய்: "ஒரே கம்பம், ஒரே மழை. மேல என்னுது, கீழ உன்னுது. பாத்துடலாம்." உச்சியில் ஆன்டெனாவோடு சேரும் கனெக்டர் உன் பொறுப்பு. மாடிச் சுவரை ஒட்டி, கம்பத்திலிருந்து இறங்கும் கேபிளும் வீட்டுக்குள் போகும் கேபிளும் சேரும் ஜாயின்ட் என் பொறுப்பு. போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெட் முடிந்ததும் பஸ் பிடித்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாய். பைக்குள் இரண்டு குட்டிக் கறுப்பு ஷூ. கைக்குழந்தைக்குத் தைத்த மாதிரி, கண்ணி அடித்து, லேஸ் கோத்து.

"ஒண்ணுதானே வேணும், எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒத்தக் காலு தைக்க கை வர்ல. ஷூன்னா ஜோடிதான். இன்னொண்ணு நீயே வெச்சிக்கோ, எப்பனா தேவப்படும்."

படுக்கவைத்திருந்த கம்பத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கனெக்டரில் என்னவோ சுற்றினாய். எட்டிப் பார்க்க வந்தால் முழங்கையால் தள்ளினாய். மேலே ஷூவை மாட்டி லேஸ் கட்டினாய். அடிப்பக்கம் ஒரு விரல் அளவு கட்டாமல் திறந்து விட்டிருந்தாய். குறை கண்ட சந்தோஷத்தில், "கீழ ஓட்டை இருக்குது பாய்" என்றேன்.

"இருக்கட்டும். தண்ணிய யாராலயும் பூராவா தடுக்க முடியாது க்யூசி. அது போறதுக்கு ஒரு வழி விட்டுடு. பூந்தாலும் போய்டும்."

கம்பத்தை நிமிர்த்திய பிறகு என் முறை. ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து அளந்து, மேலிருந்து ஆரம்பித்துக் கீழே வரை சுற்றிக்கொண்டு வந்தேன். நீ கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய்.

"யோவ் க்யூசி, கூரைக்கு மேலேர்ந்தா ஓடு போட்டுகினு வருவாங்க?"

"வாய மூடு பாய். கம்பத்துக்கு ஷூ மாட்டிவிட்டவன்லாம் என் வேலைல குத்தம் சொல்ல வந்துட்டான்."

நீ சிரித்துக்கொண்டே கடலைத் தோலை ஊதிவிட்டாய். வாழ்க்கையில் எல்லாவற்றையும் வேடிக்கையாகவே சொல்லிப் பழகியவன் நீ, எது வேடிக்கை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஷூவால் எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் கேள். புது வீட்டுக்குத் திருஷ்டி படாமல் இருக்கப் பழைய செருப்பை வாசலில் கட்டுகிறவர்கள் உண்டு. கம்பத்து உச்சியில் புத்தம் புது ஷூவே கட்டியிருக்கிறார் என்றால் மனுஷனுக்கு எவ்வளவு பெரிய கண்ணேறு பட்டிருக்க வேண்டும் என்று ஊர் பேசியது. எதிர்வீட்டு அம்மா வந்து, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு சொல்லி வைங்களேன், எவ்ளோ உசரத்துல கட்டணும்?" என்று கேட்டார். ஆன்டெனாவைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததும், என் மனைவி குறுக்கே புகுந்து முப்பதடி என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஒரு வாரம் கழித்து மாடிக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். நான் சுற்றிய டேப்புக்கு நேர் கீழே, கம்பத்தின் மேல், ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். என் சுருளிலிருந்தே திருடி எனக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நுனி மேலே பார்த்து, டேப்பின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்ன கொழுப்பு என்று கிழிக்கப் போனேன். பிறகு, இருக்கட்டும், நீ தோற்கிற அன்று இதைக் காட்டி மானத்தை வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாளில் நூறு அம்பு ஒட்டுகிற நான், எனக்கென்று ஒட்டப்பட்ட ஒரே அம்பைப் படிக்கவில்லை பாய்.

அந்த ஐப்பசி கார்த்திகை மழையை இரண்டு ஜாயின்ட்டும் தாக்குப்பிடித்தன. "அடுத்த மழையில பாப்போம்" என்றாய். அடுத்த மழை வரை நீ இல்லை. மாசி மாசம் ஒரு சாயங்காலம், டேனரி கேட்டுக்கு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். செய்தி வந்து நான் மேல்விஷாரம் வந்து சேர்வதற்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். உன் செட்டின் மேல் பூத்தையல் போட்ட துணி போர்த்தியிருந்தது. பாபியிடம் ஒரு வார்த்தை பேசாமலே நான் திரும்பிவிட்டேன். அந்த ஞாயிறு நெட்டில் காட்பாடிக்காரர் உன் அழைப்புக் குறியை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, ஒரு நிமிஷம் யாரும் பேச வேண்டாம் என்றார். இரைச்சல் மட்டும் கேட்டது. எந்த இரைச்சலுக்குள்ளிருந்தும் உன் குரலைப் பிரித்து எடுத்துவிடும் என் காது அன்றும் தேடிக்கொண்டே இருந்தது. நிமிஷம் முடிவதற்குள் நான் செட்டை அணைத்துவிட்டேன்.

இந்த ஐப்பசி மழையில் சீர் திரும்ப ஆரம்பித்தது. முதல் வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் ஜாஸ்தி. என் குரல் பாதிதான் வருகிறது என்றார்கள். காட்பாடிக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "மேல அந்த பாய் ஷூ மாட்டினாரே, அதான் ஊறிப்போயிருக்கும். அவுத்துட்டு ஒழுங்கா டேப் சுத்துப்பா. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. தோல் என்றால் ஊறத்தானே செய்யும். சந்தேகம் இல்லாததுதான் பிரச்சினை. நீ கையால் கட்டியது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம். அதை அறுத்து எறிய வேண்டும். எறிந்த பிறகு நீ தோற்றாய் என்று ஆகும். செத்துப்போனவன் எப்படி நெட்டில் வந்து மூன்று தடவை சொல்வான்? உன்னை இன்னொரு தடவை தோற்கடிக்க எனக்கு மனசு இல்லை. ஒரு ஞாயிறு காய்ச்சல் என்றேன், ஒரு ஞாயிறு பேரணாம்பட்டில் கல்யாணம் என்றேன், மூன்றாவது ஞாயிறு செட்டில் ஃப்யூஸ் போய்விட்டது என்றேன். மூன்றும் பொய். மூன்று வாரமும் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் மனைவிதான் நேற்று முடிவு கட்டினாள். "ஷூவ அவுத்தா அவரு போய்டுவாரா? ஏற்கெனவே போனவருதானே? பேசாம இப்படி உக்காந்திருக்கறத பாத்தா அவருதான் பேஜாராவாரு."

கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கம்பத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் முதலில் கீழ் ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டும். தோல் சீவுகிற கத்தியால் என் டேப்பை நெடுக்கக் கீறினேன். உள்ளேயிருந்து தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை பாய், ஒரு ஸ்பூன் இருக்கும். கனெக்டரைத் திருகினால் பச்சை. வீட்டுக்குள் போகிற கேபிளை ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், கறுப்பு. நாலாவது சாணில்தான் செம்பு தெரிந்தது. அடுத்து மேலேயிருந்து வருகிற கேபிளை வெட்டினேன். முதல் வெட்டிலேயே புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மேலே புகுந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தானே இறங்கி வந்திருக்கும்? வரவில்லை. உன் ஷூவுக்குள் இந்த இரண்டு மழைக்காலத்திலும் ஒரு சொட்டுப் போகவில்லை.

அப்போதுதான் கம்பத்தைப் பார்த்தேன். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது, ஆனாலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. குறை இங்கே. என் டேப்பின் ஒவ்வொரு சுற்றும், மேலிருந்து போட்ட ஓடு மாதிரி, மழையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்திருக்கிறது. கீழிருந்து மேலே சுற்றியிருந்தால் வழிந்து போயிருக்கும். ஒவ்வொரு வருஷமும் தோற்று, தோற்றதைச் சபையில் சொல்லிச் சொல்லி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நீ கற்றுக்கொண்டுவிட்டாய். நான் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஈரத் தரையில் உட்கார்ந்து முதலில் சிரித்தேன். சத்தம் கேட்டு என் மனைவி மேலே வருவதற்குள் அது அழுகையாக மாறியிருந்தது.

"இன்னா ஆச்சு?"

"பாய் ஜெயிச்சிட்டான்."

"அதுக்கு எதுக்கு அழுவறீங்க?"

"அவன்கிட்ட சொல்ல முடியலியே."

அவள் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, கீழிருந்து மேலே சுற்றினேன். செட்டின் மேல் இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு கால் ஷூவைக் கொண்டுவந்து அதற்கு மேல் மாட்டி லேஸ் கட்டினேன். அடியில் ஒரு விரல் திறந்து விட்டேன். கீழே போய்ச் செட்டைப் போட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை, சீர் போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே இருப்பதை நான் தொடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே என்ன சுற்றினாய் என்று இந்த ஜென்மத்தில் எனக்குத் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டாம். ஸ்டிக்கரை மட்டும் நகத்தால் மெல்லப் பெயர்த்து எடுத்துவந்து மைக்கின் மேல் ஒட்டினேன். நுனி என்னைப் பார்த்து இருக்கிறது. இனி நான் இருக்கிற வரை அது அங்கேதான் இருக்கும்.

இன்று காலை ஏழரை. என் முறை வந்ததும், தண்ணீர் புகுந்தது ஷூவில் இல்லை, என் டேப்பில் என்று சொன்னேன். தொட்டிக்கு அடியில் ஒளிந்து ஜெயித்த கதையையும் சொன்னேன். "நான் பண்ணது தப்பு பாய், நீ சொன்னதுதான் சரி" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது வரவில்லை. மைக் பட்டனை விட்டுவிட்டேன். காட்பாடிக்காரர் பெருந்தன்மையாக அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

பக்கத்தில் செல்போன் அடித்தது. பாபி. நீ போன பிறகு அவர் எனக்குப் போன் பண்ணியதே இல்லை.

"அண்ணா, ரெண்டுதான் ஆச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. போனுக்குள்ளே, அவர் குரலுக்குப் பின்னால், நம் நெட் ஓடிக்கொண்டிருந்தது. காட்பாடிக்காரர் பேசுவது எனக்கு இரண்டு தடவை கேட்டது, என் செட்டில் ஒன்று, உன் செட்டில் ஒன்று.

"பாபி, நீங்க… கேக்கறீங்களா?"

"வாராவாரம் ஏழரைக்குப் போட்டு வெச்சிடுவேன். நீங்க மூணு வாரமா வர்ல. இன்னிக்குத்தான் வந்தீங்க." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "மூணாவது சொல்லுங்க அண்ணா. அவரு கணக்குல கம்மி பண்ண வுடமாட்டேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிஷம் வழி விடச் சொல்லி நெட்டில் கேட்டேன். பட்டனை அழுத்தினேன். அம்பின் நுனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ சொன்னது அதிலும் சரிதான் பாய், மூன்றாவது தடவைதான் மனசிலிருந்து வந்தது.

நான் பட்டனை விடுவதற்குள், போனிலிருந்து மைக்குக்கும், மைக்கிலிருந்து உன் ஷூ இரண்டையும் தாண்டி ஆன்டெனாவுக்கும் ஏறி, அந்தக் குரல் ஊர் முழுக்கப் போயிற்று.

"ம், ஆச்சு."